ரூபன் கையில் ஒரு கோப்பை

ஆங்கில மொழியில் இதுவரை மூன்று நல்ல சிறுகதைகள்தாம் எழுதப்பட்டிருக்கின்றன என்றும், மூன்றையும் எழுதியது தானே என்றும் ஜெர்வேஸ் லாத்பரி சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஹொரேஸ் பிம்லாட், முள்கரண்டியில் குத்திய ஆட்டிறைச்சியை வாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு, அந்த மூன்றும் எந்தப் பத்திரிகையில் வந்தன என்று மரியாதையாகக் கேட்டார்.

"இன்னும் வரல," என்றான் ஜெர்வேஸ். "அதனாலதான் கெடாம இருக்கு."

பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த ஃப்ளீட் தெருவின் பின்சந்தில் இருந்த அந்தச் சாப்பாட்டுக்கடையில் ஜூலை மாதத்து வெயில் கூரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. மத்தியானத்தில் அங்கே கூடுகிறவர்கள் எல்லோருமே ஏதாவது ஒரு படப்பத்திரிகைக்குக் கதை எழுதிப் பிழைக்கிறவர்கள். கிறிஸ்துமஸ் மலர் ஜூலையிலேயே தயாராக வேண்டும் என்பதால், அந்த மாதம் அத்தனை பேரும் பனிப்பொழிவை எழுதிக்கொண்டிருந்தார்கள். கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு, ஒரு கையால் ஈயை விரட்டிக்கொண்டு, மறு கையால் அநாதைக் குழந்தைகளைக் குளிரில் விறைக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிம்லாட்டுக்கு நாற்பது தாண்டியிருந்தது. வீட்டில் நான்கு பெண் குழந்தைகள். நால்வருக்கும் பசி அதிகம். ஆகவே அவர் படத்துக்குக் கதை கட்டுகிறவர். பத்திரிகையிடம் ஏற்கெனவே ஒரு படம் இருக்கும். அதை அச்சடிக்கும் மரக்கட்டை பிளாக்கும் தயாராக இருக்கும். அதைக் காசு கொடுத்து வாங்கியாயிற்று, வீணாக்க முடியாது. அந்தப் படத்தைப் பிம்லாட்டிடம் நீட்டுவார்கள். படத்தில் இருப்பவர்கள் யார், ஏன் அப்படி நிற்கிறார்கள், கையில் இருப்பது என்ன என்றெல்லாம் யோசித்து, ஒன்றரைப் பக்கத்துக்குக் காதலோ கண்ணீரோ சேர்த்து அவர் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த வாரம் அவரிடம் வந்திருந்த படத்தில் ஒரு யானை, ஒரு பாதிரியார், ஊஞ்சலில் ஒரு சீமாட்டி.

"யானையச் சமாளிச்சுட்டேன்," என்றார் பிம்லாட். "பாதிரியார்தான் இடிக்குது. அவரு ஏன் செருப்பில்லாம நிக்கிறாரு?"

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்றான் ஜெர்வேஸ். "சவப்பெட்டிய முதல்ல செஞ்சு வச்சுக்கிட்டு, அதுக்கு அளவா ஆளை வெட்டுறீங்க."

"வெட்டத்தான் வெட்டுறேன். இதுவரைக்கும் எந்தப் பொணமும் வந்து புகார் குடுக்கல, தம்பி."

"நான் ஒரு படத்துக்காக ஒரு வார்த்தைய மாத்துனேன்னு எங்கயாவது கேள்விப்பட்டா, அன்னைக்கே என் கைய வெட்டி இந்தக் கடை வாசல்ல தொங்கவிடுங்க."

"வேணாம். சாப்பிட வர்ற இடம்," என்றார் பிம்லாட்.

அப்போதுதான் ஜெர்வேஸ் விஷயத்தைச் சொன்னான். அவனுடைய நான்காவது கதையை 'ஹார்த்' வாரப்பத்திரிகை எடுத்துக்கொண்டுவிட்டது. கிறிஸ்துமஸ் மலரில், நடுப்பக்கத்தில், பெயரோடு. ஆசிரியர் ஸ்ட்ரட்விக் உரிமைச் சீட்டில் கையெழுத்துக்கூட வாங்கிவிட்டார்.

"கதைய அவரு முழுசாப் படிச்சாரா?" என்று கேட்டார் பிம்லாட்.

"படிக்காமலா எடுப்பாரு?"

பிம்லாட் கடுகுக் குழம்பை இறைச்சியின் மேல் நிதானமாகத் தடவினார்.

அந்த நான்காவது கதை ஜெர்வேஸின் கற்பனை அல்ல. அது அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி மிஸஸ் க்ரௌச் சொன்னது. லாம்பெத்தில், ரயில் பாலத்தின் புகை நேராகச் சமையலறைக்குள் வரும் ஒரு வீட்டில், மாடி அறையை அவனுக்கு விட்டிருந்தாள். கீழே அவள் ஒருத்தியாக இருந்தாள். போன குளிர்காலம் வரைக்கும் ரூபனும் இருந்தான்.

ரூபன் அவளுடைய மகன். ஒரு பீர் கம்பெனியில் பீப்பாய் வண்டி ஓட்டினான். வண்டிக்காரர்களுக்குத் தினமும் ஒரு குவளை பீர் கம்பெனி கணக்கில் உண்டு. ரூபன் தொடமாட்டான். சின்ன வயதிலேயே தேவாலயத்தில் மதுவைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்து, சுவரில் மாட்டியிருந்த பலகையில் பெயர் எழுதப்பட்டவன். தன் பங்குக் குவளையை 'டச்சஸ்' என்ற தன் பெட்டைக் குதிரைக்கு ஊற்றிவிடுவான். டச்சஸ் எந்தச் சத்தியமும் செய்திருக்கவில்லை.

உறைபனி விழுந்த ஒரு காலையில், பாலத்திலிருந்து இறங்கும் சரிவில் குதிரைக்குக் கால் வழுக்கியது. வண்டி சாய்ந்தது. குதிரை நசுங்கிவிடாமல் இருக்க ரூபன் இறங்கி ஓடிப்போய் வாரை அறுத்தான். குதிரை பிழைத்தது. பீப்பாய்கள் உருண்டன. அவற்றில் ஒன்று அவன் மேலேயே உடைந்தது. தூக்க வந்தவர்களுக்கு முதலில் தெரிந்தது வாடைதான். விசாரணையில் கம்பெனி ஆள் எழுந்து, "ஆள் மேல பீர் நாத்தம் தாங்கல" என்று சொன்னான். அது பொய்யில்லை, ஆகவே அதற்குமேல் யாரும் எதையும் கேட்கவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் செத்தான் என்று தீர்ப்பாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பலகையில் ரூபன் க்ரௌச் என்ற பெயரின் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அன்று வெளியே வந்தவள்தான் மிஸஸ் க்ரௌச். பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை.

"நான் போய்ச் சொன்னா யாரு தம்பி நம்புறா? பெத்தவ அப்படித்தான் சொல்லுவான்னுட்டுப் போயிருவாங்க," என்றாள் அவனிடம். பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னாள். "ஆனா அங்க இருக்குற பொம்பளைங்க அத்தனை பேரும் 'ஹார்த்' வாங்குறவங்க. பைபிளை மூடி வச்சாலும் வப்பாங்க, அந்தப் பத்திரிகையில ஒரு கதைய விடமாட்டாங்க. அதுல வந்துட்டா வேதவாக்கு. நடந்தத நடந்தபடி நீங்க எழுதிட்டீங்கன்னா, நான் எதுவும் பேசவே வேணாம். கிறிஸ்துமஸ் அன்னைக்குப் போய் என் இடத்துல உக்காந்துருவேன்."

"ஒரு எழுத்து மாறாம எழுதுறேன்," என்றான் ஜெர்வேஸ், மார்பில் கை வைத்து.

"பேரு மட்டும் ரூபன்னே இருக்கட்டும். வேற பேரு வச்சா அவங்களுக்குப் புரியாது. அவங்களுக்கு எல்லாத்தையும் பிட்டுப் பிட்டு வைக்கணும்."

எழுதினான். உள்ளதைச் சொல்வதென்றால், கதை நன்றாகவே வந்திருந்தது. அது ஜெர்வேஸுக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். கடைசிப் பத்தியில் கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலை, தாய் ஒரு குவளை பீரை முந்தானைக்குள் மறைப்பதுபோல் சால்வைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போகிறாள். குதிரைக்கு ஊற்றுகிறாள். அவ்வளவுதான். அழுகை இல்லை, மணியோசை இல்லை. அதைச் சமையலறையில் உட்கார்ந்து அவளுக்குப் படித்துக்காட்டினான். மிஸஸ் க்ரௌச் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"டச்சஸுக்கு வலது காது கிழிஞ்சிருக்கும்," என்றாள். "அதையும் போட்டுருங்க."

போட்டான். மறுநாளே அவள் தெருமுனையில் தேவாலயத்துக் கணக்குப்பிள்ளையின் மனைவி மிஸஸ் பாக்னலை மறித்து, கிறிஸ்துமஸ் 'ஹார்த்'தைத் தவறாமல் வாங்கும்படி சொல்லிவிட்டு வந்தாள். குல்லாவுக்குப் புதிதாகக் கறுப்பு நாடாவும் வாங்கினாள்.

'ஹார்த்' அலுவலகத்திலிருந்து ஜெர்வேஸுக்கு அழைப்பு வந்தது அந்த வாரக் கடைசியில். ஆசிரியர் ஸ்ட்ரட்விக் கோட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் ஒரு தகரத் தொட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு, வெளிவரப்போகும் பனிக்காலத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். மேசைமேல் ஒரு படத்தின் அச்சுப்பிரதி கிடந்தது.

"வாங்க, வாங்க மிஸ்டர் லாத்பரி! உங்க கதைக்குன்னே பொறந்த படம் கிடைச்சிருக்கு. பாருங்க."

ஜெர்வேஸ் பார்த்தான். ஒரு ஏழை வீட்டு அறை. மேசையருகே ஒரு வாலிபன். மேசைமேல் ஒரு புட்டி. அவன் கையில் கோப்பை. கண்களை இறுக மூடி அதை வாயருகே கொண்டுபோகிறான். கதவு திறந்திருக்கிறது. வெளியே பனி. வாசலில் சால்வை போர்த்திய ஒரு கிழத் தாய், நெஞ்சில் கை வைத்தபடி.

படம் எங்கிருந்து வந்தது என்று ஸ்ட்ரட்விக்கே பெருமையாகச் சொன்னார். மதுவிலக்குப் பத்திரிகை ஒன்று திவாலாகி மூடியபோது அதன் பிளாக்குகளை அலமாரியோடு ஏலத்தில் எடுத்திருந்தார். மூன்று வருடங்களாக 'ஹார்த்'தின் நாயகர்களில் பாதிப் பேர் அந்த அலமாரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் அத்தனை பேர் முகத்திலும் ஏன் ஒரு குற்ற உணர்ச்சி தெரிகிறது என்று வாசகர்கள் கேட்டதே இல்லை.

"அம்மா இருக்காளா? இருக்கா. பையன்? இருக்கான். பனி? வேணுங்கிற அளவு இருக்கு. உங்க கதைதானே?"

"அவன் கையில கோப்பை இருக்கே."

"அது ஒரு பத்தி விஷயம். சேத்துருங்க."

"சார், என் கதையில அவன் குடிக்கமாட்டான். கதையே அதுதான்! குடிக்காத ஒருத்தனக் குடிகாரன்னு சொல்லிட்டாங்க, அதுதான் கதை."

ஸ்ட்ரட்விக் ஒரு காலைத் தொட்டியிலிருந்து எடுத்து, அதைத் துடைக்கலாமா என்று யோசித்து, மறுபடி உள்ளே விட்டார்.

"அப்படியா கதை? நான் முதல் பக்கம் படிச்சேன். அம்மா, பையன், கிறிஸ்துமஸ். அது போதும்னு எடுத்துட்டேன். நேத்துதான் கடைசிப் பக்கம் பாத்தேன், பையன் செத்தே போறான்! மிஸ்டர் லாத்பரி, கிறிஸ்துமஸ் மலர்ல யாரும் சாகக் கூடாது. வாசகர் புட்டிங் சாப்பிட்டுக்கிட்டு இருப்பார். அந்த நேரத்துல அவர் மடியில ஒரு பொணத்தைத் தூக்கிப் போடுவீங்களா?"

"வேற படம் போடுங்க."

"ஓவியருங்க ஒருத்தர் பாக்கியில்லாம கடற்கரைக்குப் போயாச்சு. ஜூலை மாசம்."

"படமே வேணாம்."

"படம் இல்லாம படப்பத்திரிகையா?" ஸ்ட்ரட்விக் நிஜமாகவே மிரண்டுபோனார். "இங்க பாருங்க. பிளாக் கட்டை. உங்க கதை காகிதம். ரெண்டுல எது வளையும்? சின்ன வேலைதான். பையன் குடிகாரன். அம்மா வாசல்ல வந்து நிக்கிறா. மணி அடிக்குது. அவன் கோப்பையக் கீழ போட்டுட்டு அம்மா கால்ல விழுறான். திருந்திட்டான். குதிரை வேணாம், படத்துல குதிரை இல்ல."

ஜெர்வேஸ் எழுந்து நின்றான். தொப்பியை எடுத்துக்கொண்டான். கலை என்பது என்ன, வியாபாரம் என்பது என்ன, இரண்டுக்கும் நடுவில் ஓடும் ஆறு எவ்வளவு அகலம் என்பதையெல்லாம் மிக அழகாகச் சொன்னான். ஸ்ட்ரட்விக் இடையில் ஒரு சொல் பேசாமல் கேட்டார். தண்ணீர் இதமாக இருந்தது.

"முடிச்சாச்சா? நல்லாப் பேசுறீங்க," என்றார். "சரி, உங்களுக்குக் கஷ்டம்னா விட்ருங்க. உரிமைய நீங்க எழுதிக் குடுத்தாச்சு. பிம்லாட் பண்ணிக் குடுத்துருவாரு."

படியிறங்கும்போது ஜெர்வேஸ் ஒரு தியாகியைப்போல இறங்கினான். வீட்டில் மிஸஸ் க்ரௌச்சிடம், 'கதையில் சின்னச் சிக்கல், சரியாகிவிடும்' என்று மட்டும் சொன்னான். ஒரு தியாகி எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டுக்கடையில் பிம்லாட் அதே படத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் சூப் கறை பட்டிருந்தது. படத்துக்கு மேலே ஸ்ட்ரட்விக்கின் கையெழுத்தில் தலைப்பு எழுதப்பட்டிருந்தது: 'ரூபனின் மனமாற்றம்.' அதற்குக் கீழே: 'எழுதியவர்: ஹொரேஸ் பிம்லாட்.'

ஜெர்வேஸ் அந்த இரண்டாவது வரியை நெடுநேரம் பார்த்தான்.

"என் கதைக்கு உங்க பேரா?"

"எனக்கென்னப்பா தெரியும்? மாத்துறவன் பேரத்தான் போடுவேன்னாரு. நீதான் ஆறு அகலம்னுட்டு வந்துட்டியாமே."

"நடுப்பக்கத்துலயா?"

"நடுப்பக்கத்துல. பெரிய எழுத்துல." பிம்லாட் கொஞ்சம் சங்கடத்தோடு நெளிந்தார். "கோவிச்சுக்காத. நீ குடியிருக்குற வீட்டம்மாவோட மகன் விஷயம் நீ அன்னைக்குச் சொன்னதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. எனக்கும் நாலு புள்ளைங்க இருக்கு. அதனால ராத்திரி பூரா யோசிச்சு ஒரு வழி வச்சிருக்கேன். இங்க பாரு." படத்தில் ரூபனின் முகத்தின் மேல் விரலை வைத்தார். "கண்ண எப்படி இறுக்கி மூடியிருக்கான்? இது ஜின் குடிக்கிறவன் மூஞ்சியா? இது மருந்து குடிக்கிறவன் மூஞ்சி."

"மருந்தா?"

"இருமல் மருந்து. புட்டியில பேரு எதுவும் எழுதல, நான் நல்லாப் பாத்துட்டேன். பையன் பனியில வண்டி ஓட்டிட்டு இருமலோட வர்றான். ஊரு பூரா அவனக் குடிகாரன்னு பேசுது. அம்மா கதவத் திறக்குறா, கையில கோப்பை, ஐயையோ ஊரு சொன்னது நெஜந்தானோன்னு நெஞ்சப் புடிச்சுக்குறா. கிட்ட வந்து மோந்து பாக்குறா. மருந்து! ஊரு வாயெல்லாம் அடைச்சுப்போச்சு. மணி அடிக்குது. யாரும் சாகல. ஸ்ட்ரட்விக்குக்கும் புட்டிங் இறங்கும், அந்தம்மாவுக்கும் தலை நிமிரும். எப்படி?"

ஜெர்வேஸ் அவரைப் பார்த்த பார்வை, கோவிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்க்கிற பார்வை.

"இருமல் மருந்து," என்றான், ஒவ்வொரு சொல்லாக. "கிறிஸ்துமஸ் மலர்ல. நடுப்பக்கத்துல. ஒரு தாய் தன் மகனோட வாய மோந்து பாக்குறா."

"அழகா எழுதுனா அழகாத்தான் இருக்கும்."

"சிரிப்பாங்க பிம்லாட்! இங்கிலாந்து முழுக்க வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க!"

"சிரிச்சுட்டுப் போறாங்க. கிறிஸ்துமஸ்தானே."

ஜெர்வேஸ் படத்தைத் தன் பக்கம் இழுத்தான். ஒரு துணிச்சலான முடிவுக்கு வருகிறவனைப்போல் மூக்கால் மூச்சு விட்டான். கோப்பை எப்படியும் வரத்தான் போகிறது. அதைத் தடுக்க யாராலும் முடியாது. வரப்போகிற கோப்பை, தொழில் தெரிந்த ஒருவன் கையால் கௌரவமாக வரட்டுமே; ரூபனுக்குத் தான் செய்யக்கூடிய கடைசி மரியாதை அதுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். இதைச் சொல்லிக்கொண்டபோது அவன் கண் அந்த இரண்டாவது வரியின் மேல்தான் இருந்தது.

"நானே பண்ணிக்கிறேன்."

பிம்லாட் வாயில் வைத்த ரொட்டியை மெல்லாமல் பார்த்தார். "நெஜமாவா? என்கிட்ட வேற மாதிரியில்ல சொன்ன? வாசல்ல கைய..."

"என் பேருல வரணும். ஸ்ட்ரட்விக்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

"சொல்றேன், எனக்கென்ன. இன்னும் அந்தப் பாதிரியாருக்கே செருப்பு கிடைக்கல." ரொட்டியை மென்று விழுங்கினார். பிறகு, வழக்கமில்லாமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, மருந்த மட்டும் வச்சுக்க. எனக்காக இல்ல. அந்தம்மாவுக்காக."

"பாக்கலாம்," என்றான் ஜெர்வேஸ், படத்தைச் சுருட்டியபடி.

அன்று பிற்பகலே உட்கார்ந்தான். மாடி அறை அடுப்புபோல் கொதித்தது. ஜன்னலுக்கு வெளியே ரயில் போகும்போதெல்லாம் மேசை நடுங்கியது. படத்தைத் தண்ணீர்க் கூஜாமேல் சாய்த்து வைத்துக்கொண்டான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

முதலில் மருந்தைத்தான் எழுதினான், அதை மறைப்பதற்கில்லை. ரூபன் இருமினான். ரூபன் மறுபடியும் இருமினான். புட்டியைத் திறந்தான். தாய் வந்தாள். மோந்து பார்த்தாள். எழுதியதை ஜெர்வேஸ் சத்தமாகப் படித்துப் பார்த்தான். மருந்துக்கடை விளம்பரம்போல் இருந்தது. 'அதிமதுரம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மணியை எந்த விதத்தில் அடித்தாலும் அது ஒலிக்கவில்லை. இன்னொரு முறை எழுதினான். இம்முறை இருமலைக் குறைத்தான். கதையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அந்தத் தாளைக் கசக்கிப் போட்டான்.

பிறகு, எப்படித்தான் வருகிறதென்று பார்ப்போம் என்று, வெறும் சோதனைக்காக, கோப்பையில் ஜின்னை ஊற்றினான்.

பேனா ஓடியது. வண்டிக்காரனின் தனிமை வந்தது. விரல்நுனியில் ஏறிய குளிர் வந்தது. பீப்பாய்களுக்கு நடுவே பகலெல்லாம் வாழ்கிறவனுக்கு அந்த வாடையே எப்படி ஒரு தோழனாகிறது என்பது வந்தது. சின்ன வயதில் செய்த சத்தியம், சுவரில் எழுதிய பெயர், அந்தப் பெயரை நினைத்தபோது அவன் அடைந்த வெட்கம், வெட்கத்தை மறக்க இன்னொரு மிடறு. மிஸஸ் க்ரௌச் பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னதில் பாதி அதில் இருந்தது. திருப்பி மாட்டிய சட்டைபோல, தையலெல்லாம் வெளியே தெரிய. ஜெர்வேஸுக்கு மயிர்க்கூச்செடுத்தது. இதுவரை எழுதிய நான்கையும்விட இது நன்றாக இருந்தது. ஒரு தாளைக்கூட அவன் கசக்கவில்லை.

நடுவில் ஒருமுறை நிறுத்தினான். பெயரையாவது மாற்றிவிடலாம் என்று தோன்றியது. 'சைலஸ்' என்று போட்டுப் பார்த்தான். சைலஸ் என்பவன் திருந்துவான் என்று நம்பமுடியவில்லை. 'எட்வின்' என்று போட்டான்; எட்வின் வண்டி ஓட்டுகிறவனாகவே தெரியவில்லை. அந்தப் பெயருக்கு வாக்கியமே நொண்டியது. தவிர, தலைப்பில் ஆசிரியர் ரூபன் என்றே எழுதிவிட்டார்; பெரியவர் மனத்தை எதற்காக நோகடிக்க வேண்டும்? கதை வேறு, வாழ்க்கை வேறு என்பதை மிஸஸ் க்ரௌச்சுக்குப் பிறகொரு நாள் பொறுமையாக எடுத்துச் சொல்லிவிடலாம். மிஸஸ் பாக்னலுக்கும் அவள் சொல்லிவிடுவாள்.

கதவு தட்டப்பட்டது. ஜெர்வேஸ் படத்தைச் சட்டென்று குப்புறக் கவிழ்த்தான்.

மிஸஸ் க்ரௌச் தேநீரும், வெண்ணெய் தடவிய ரொட்டியும், இந்த வெயிலிலும் சூடாக ஒரு முட்டையும் கொண்டுவந்தாள். தட்டை வைக்க இடம் தேடி, தாள்களைத் தொடாமல், படுக்கையின் ஓரத்தில் வைத்தாள்.

"வந்ததுலேருந்து கீழயே வரலியே தம்பி. நம்ம கதைதானா?"

"ஆமா. சின்னச் சின்னத் திருத்தம்."

"வேர்த்துக் கொட்டுதே உங்களுக்கு." மேசையில் அடுக்கியிருந்த தாள்களைத் தள்ளி நின்றே பார்த்தாள். "நெறைய எழுதியிருக்கீங்க. டச்சஸ் வருதா?"

"குதிரைக்கு இடம் பத்தல, மிஸஸ் க்ரௌச். பத்திரிகைக்காரங்க எடுத்துட்டாங்க."

"ஓ." அவள் கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்தாள். "அதனால என்ன. அது வாயில்லாச் சீவன், கோவிச்சுக்கவா போகுது. பேரு? ரூபன்கிற பேரு இருக்கா?"

"இருக்கு," என்றான் ஜெர்வேஸ். "பேரு அப்படியே இருக்கு. தலைப்புலயே போட்டிருக்காங்க."

மிஸஸ் க்ரௌச்சின் முகம் மலர்ந்ததை அவன் பார்க்கவில்லை. பேனாவின் முள்ளில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துக்கொண்டிருந்தான்.

"தலைப்புலயேவா!" என்றாள் அவள். "நல்லா இருங்க தம்பி. நான் தொந்தரவு பண்ணல. நீங்க எழுதுங்க."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். படிகளில்கூட மெதுவாகத்தான் இறங்கினாள்.

ஜெர்வேஸ் படத்தை நிமிர்த்திக் கூஜாமேல் சாய்த்தான். விட்ட இடத்தைத் தேடினான். 'ரூபன் கோப்பையை விளக்கொளியில் உயர்த்தி ஆசையோடு பார்த்தான்' என்று கடைசி வரி நின்றிருந்தது. படத்தைப் பார்த்தான். வரியைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். பேனாவை மையில் தோய்த்து, 'பார்த்தான்' என்பதை அடித்துவிட்டு, அதன் மேலே சிறிய, தெளிவான எழுத்தில் 'கண்களை மூடிக்கொண்டான்' என்று எழுதினான்.